கேட்டை பார்த்து மணி அடித்தவன்

என் தம்பி அமிர்தநாதனைப் பற்றி எங்கள் தோட்டத்தில் ஒரு கதை சொல்வார்கள். அவன் தூக்கத்தில் எழுந்து போய் நடுச்சாமத்தில் மணி அடித்தானாம். மூன்றும் பிழை. அவன் தூங்கவில்லை. அது நடுச்சாமம் இல்லை, இரண்டரை மணி. அடித்தது மணியும் இல்லை. பெரட்டுக் களத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்த ரயில் தண்டவாளத் துண்டு. அதை மணி என்று சொல்வது எங்கள் வழக்கம், அவ்வளவுதான். அந்தக் கதை இப்போது ஹட்டன் வரைக்கும் போய்விட்டது. போகும் இடத்தில் எல்லாம் புதிதாக ஒரு பொய் சேர்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அக்கா என்பதால் கூட்டிச் சொல்வேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அக்கரப்பத்தனைக்கு மேலே, எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில்தான் நாங்கள் பிறந்தோம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு லயத்தில், அந்த வரிசை வீடுகளின் ஒரு காம்பராவில், நானும் அவனும்தான். எதற்கும் முன்கூட்டியே போய் நிற்பது அவன் சுபாவம். எட்டு மணி பஸ்ஸுக்குப் போகிறேன் என்று கிளம்பினால் அதற்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விடுவான். பிறகு போன இடத்தில் எட்டு மணி பஸ் வரும்வரை நின்று, அது ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். முதல் நன்மை வாங்கிய அன்று பூசை வைக்கிற சுவாமிக்கு முன்பே பீடத்தில் ஏறி நின்றவன். கவ்வாத்து வெட்டப் போனால் அவன் வெட்டிய தேயிலைச் செடிகளின் மேல் கோப்பையை வைக்கலாம், தேத்தண்ணி சிந்தாது. நானே வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவனுக்கு டோரீனைப் பிடித்துப்போனது. அந்தோனியார் திருவிழாவில் சப்பரம் இழுக்கும்போது வடத்தின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவன். டோரீனுடைய அப்பா வியாகுலம் மாமா கீழ் டிவிசன்காரர். கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் வேலை. சட்டைக் கைக்கு மேலே கைக்கடிகாரம் கட்டுகிறவர். நான் போய்ப் பெண் கேட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். மழையில் நனைகிற மலை வேலைக்காரனுக்குப் பெண் இல்லை. கூரைக்குக் கீழே நிரந்தரமாக ஒரு வேலை இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் வர வேண்டாம்.

அப்படி ஒரு வேலை எங்கள் டிவிசனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மணி அடிக்கிற வேலை. விடிய நாலரைக்கு மணி அடித்து லயங்களை எழுப்ப வேண்டும். ஆறு மணிக்குப் பெரட்டு. அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று டிவிசனுக்குப் பொறுப்பான கண்டாக்கு ஐயா பிரித்துவிடுவார். மணிக்காரருக்கு அதற்குப் பிறகு கொழுந்து நிறுக்கிற மடுவத்தைக் கூட்டிப் பெருக்குவதுதான் வேலை. கூரைக்குக் கீழே.

அந்த வேலையைப் பார்த்துவந்த மூக்கன் தாத்தாவுக்கு எழுபத்தாறாம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தியாவுக்குப் போகச் சீட்டு வந்தது. கண்டாக்கு ஐயா என் தம்பியைக் கூப்பிட்டு, ஈஸ்டர் வரைக்கும் அடித்துப் பார், ஒரு குறையும் வராவிட்டால் நிரந்தரம் என்றார். தம்பி வந்து என்னிடம் சொன்னபோது, அது ஈஸ்டர் அல்ல, தன்னுடைய கல்யாணம் என்பதுபோலச் சொன்னான். உண்மையில் அப்படித்தான்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மூக்கன் தாத்தா மணி அடித்தது தன் சொந்த அலாரம் கடிகாரத்தைப் பார்த்து. அதைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டார். அந்தக் காலத்தில் கடைகளில் கடிகாரம் கிடையாது. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வருவதில்லை. லயத்தில் வேறு யாரிடமும் கடிகாரம் இல்லை. ரேடியோ இருந்த ஒரே வீட்டிலும் பேட்டரி கிடைக்காமல் அதன்மேல் மாதா படத்தை வைத்திருந்தார்கள்.

மூக்கன் தாத்தா கடைசியாக மணி அடித்த விடியற்காலையில் தம்பியையும் கூட்டிப் போனார். எதிர் மலை முகட்டில் ஒற்றையாக ஒரு சபுக்கு மரம் உண்டு. அலாரம் அடித்தபோது, அந்த மரத்தின் நுனியில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் நின்றதாம். அதைக் காட்டி, "அதுதாண்டா கேட்டை. கடிகாரத்த நான் கொண்டு போறேன். கேட்டைய ஒனக்கு விட்டுட்டுப் போறேன்" என்றிருக்கிறார்.

வேடிக்கையாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா என்று கேட்க அவர் இல்லை. அடுத்த வாரம் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார். தம்பி அதைச் சொத்தாகவே எடுத்துக்கொண்டான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக் களத்துக் கல்லில் உட்கார்ந்து, கேட்டை மெல்ல மெல்ல ஏறிச் சபுக்கு மர நுனிக்கு வந்ததும் அடிப்பான். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் பனி விழும். புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல இருக்கும். ஆனால் வானம் துடைத்துவைத்த மாதிரி. ஒரு நாள்கூட நட்சத்திரம் தப்பவில்லை.

நட்சத்திரம் ஏன் நகர்கிறது என்று நான் கேட்டதற்கு அவன் ஒரு விளக்கம் வைத்திருந்தான். அவைகளுக்கும் பெரட்டு இருக்கிறது. கிழக்கில் வரிசை நின்று பேர் கொடுத்துவிட்டு, மலை ஏறி, மேற்கில் இறங்கி வீட்டுக்குப் போகின்றன. கேட்டை சிவப்பாக இருப்பது ஏன் என்றால் வெற்றிலை.

முதல் வாரம் கண்டாக்கு ஐயா, எதைப் பார்த்து நேரம் அறிகிறாய் என்று விசாரித்தார். "கேட்டை பாத்துதாங்க ஐயா" என்றான் தம்பி. எங்கள் களத்திலிருந்து பார்த்தால் கீழே பள்ளத்தில் ஸ்டோர் கேட் தெரியும். கேட்டில் விளக்கு எரியும். இரவு வேலைக்காரர்கள் வெளியே வருவதைப் பார்த்து அடிக்கிறான் என்று ஐயா எடுத்துக்கொண்டு, நல்ல யோசனை என்று பாராட்டினார். கேட்டை என்பது கேட் இல்லை என்று இவனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நட்சத்திரத்தையும் சேர்த்து ஐயா பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தான்.

மாசி மாதம் நடுவில் லயத்தில் சில மாற்றங்கள் தெரிந்தன. ரொட்டி சுட்டு, சாயத் தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விடப் போனால் கதவு பூட்டியிருக்கும். களத்துக்குப் போனால் இருட்டாக இருக்கும். பெண்கள் சருகைக் கூட்டித் தீ மூட்டிக் குளிர்காய்ந்தார்கள். பகலில் மலையில் பார்த்தால் செடிக்கு ஒரு ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். மாலை விளக்கு வைத்ததும் லயமே குறட்டை.

மணி பிழையாக இருக்கும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கடிகாரம் வைத்திருந்த கண்டாக்கு ஐயாவின் வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம், மணிச் சத்தம் அங்கே எட்டாது. தோட்டத்தில் மணி அடித்தால் விடிகிறது, அதுதான் முறை. பனி கூடிப்போனதால் சூரியன் மேலே வரச் சுணங்குகிறது என்றார்கள் சிலர். அரிசியைக் குறைத்தார்கள், மாவைக் குறைத்தார்கள், இப்போது அரசாங்கம் இரவையும் குறைத்துவிட்டது என்றார்கள் வேறு சிலர். பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்கா தன் சேவலைத்தான் சந்தேகப்பட்டார். மணி அடித்து எத்தனையோ நேரம் கழித்துத்தான் அது கூவியது. சோம்பேறியாகிவிட்டது என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிட்டார். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. தோட்டத்தில் நேரம் சரியாகத் தெரிந்திருந்த ஒரே ஆளை நாங்கள் அன்று தின்றோம்.

இதற்கிடையில் பெரிய தொரை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விடியலில் ஜீப்பில் வந்து இறங்கினார். ஐந்தரைக்கே மொத்த டிவிசனும் வரிசையில் நிற்கிறது. கண்டாக்கு ஐயா அப்போதுதான் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். தொரை அவர் தோளில் தட்டி, "பொஹோம ஹொந்தய்" என்று சிங்களத்தில் மெச்சினார். எல்லா டிவிசனும் உங்களைப் பார்த்துப் படிக்க வேண்டும், பெரிய கண்டாக்கு வேலைக்கு உங்கள் பெயரைத்தான் எழுதப் போகிறேன் என்றும் சொன்னார். ஐயா அன்று முழுக்கத் தொப்பியைக் கழற்றவே இல்லை.

எல்லாம் கூடிவருகிறது, இனி ஈஸ்டர்தான் என்று நான் நினைத்திருந்தபோது ராசம்மா அக்கா கீழ் டிவிசனில் தன் தங்கச்சியைப் பார்க்கப் போனார். பேச்சுவாக்கில், எங்கள் அமிர்தன் தினமும் கேட்டை நட்சத்திரம் பார்க்கிறான் என்று சொல்லியிருக்கிறார். அது நாலு வீடு தாண்டி வியாகுலம் மாமா காதில் விழும்போது, மாப்பிள்ளை வீட்டில் பெண்ணுக்கு நட்சத்திரம் பார்க்கிறார்கள், கேட்டையாக இருக்குமோ என்று பயப்படுகிறார்கள் என்று ஆகிவிட்டது. கேட்டையில் பிறந்த பெண் வந்தால் மாப்பிள்ளையின் மூத்தவருக்கு ஆகாது என்று அதை நம்புகிறவர்கள் சொல்வார்கள். மூத்தவள் நான்தான். ஆகவே சூத்திரதாரியும் நான்தான்.

வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில் மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் புள்ளைக்கு நட்சத்திரம் கெடையாதும்மா பவுலின். ஞானஸ்நானம்தான் இருக்கு. வேதக்காரங்க வீட்டுல சோசியம் பாக்குறீங்களே, சுவாமிக்குத் தெரியுமா?"

அது கல்யாணத்துக்குப் பார்க்கிற நட்சத்திரம் இல்லை, மணி அடிக்கப் பார்க்கிற நட்சத்திரம் என்று சொன்னேன். இப்படி ஒரு சாக்கைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார். தம்பி மெதுவாக, "மாமா, இன்னைக்கு ராவு இங்கயே படுத்துக்கங்க. மணிச் சத்தத்தக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றான். தன் மணியில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. மாமா தங்கினார். கைக்கடிகாரத்தைக் கழற்றாமலே படுத்தார்.

மணி அடித்தது. மாமா எழுந்து விளக்கு வெளிச்சத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. உதறினார். காதில் வைத்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளியே எட்டிப் பார்த்தார். எல்லாக் காம்பராவிலும் விளக்கு, எல்லா அடுப்பிலும் புகை, தண்ணீர் பிடிக்கிற பீலிக் கரையில் பல் விளக்குகிற சத்தம். எங்களைக் குறை பிடிக்க வந்தவர் தன் கடிகாரம் பிழை என்று எங்கள் முன்னால் ஒப்புக்கொள்வாரா? திரும்பி நின்றுகொண்டு முள்ளை நாலரைக்குத் திருப்பி வைத்தார். நான் ரொட்டி தட்டிக்கொண்டே பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு மணிக்காரனின் ஒழுங்கைப் பார்க்க வேண்டும் என்று எங்களோடு பெரட்டுக்கும் வந்தார். ஐஸ் மாதிரித் தண்ணீரில் முகம் கழுவியதால் மீசை விறைத்துப்போயிருந்தது. அவருடைய கடிகாரத்தில் ஆறு மணி ஆனது. கண்டாக்கு வரவில்லை. ஆறரை ஆனது. கிழக்கே வெளுக்கவில்லை. ஏழு ஆனபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏழு மணி ஆச்சு. சூரியன் எங்கம்மா?"

தீயின் பக்கத்தில் குந்தியிருந்த ராசம்மா அக்கா நிதானமாகச் சொன்னார்: "இந்த மாசம் பூரா இப்படித்தாண்ணே. பொழுது சுணங்கித்தான் விடியுது. நீங்க கீழ இருக்கீங்க, ஒங்களுக்குச் சீக்கிரம் வந்துரும்போல."

ஒருவழியாக வானம் வெளுத்து, கண்டாக்கு ஐயா வந்து சேர்ந்தபோது வியாகுலம் மாமா அவர் கையைப் பிடித்து, "ஐயா, மணி என்ன?" என்று கேட்டார். ஆறு என்றார் ஐயா. மாமா தன் கடிகாரத்தைப் பார்த்தார், எட்டு. அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதைத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

ஐயாவுக்கு முகம் மாறிப்போனது. எதைப் பார்த்தடா அடித்தாய் என்று கத்தினார். அன்றைக்கே சொன்னேனே கேட்டை என்று, மேலே கையைக் காட்டினான் தம்பி. ஐயா கீழே ஸ்டோர் கேட்டைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். பிறகு மறுபடி கீழே. திங்கட்கிழமை ஆபீசுக்கு வா, தீர்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வியாகுலம் மாமா தன் பங்குக்கு, நேரம் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்றார். ராசம்மா அக்கா தன் காம்பராப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சேவலை நினைத்திருப்பார்.

தம்பி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வேலை போவதைப் பற்றிக்கூட அவன் பேசவில்லை. "நட்சத்திரம் பொய் சொல்லுமாக்கா?" என்று மட்டும் கேட்டான். எனக்கு அது தாங்கவில்லை. நேரே தோட்டப் பள்ளிக்கூடத்து ஞானரட்ணம் மாஸ்டரிடம் போனேன். வேலைக்கு வந்து ஒரு வருஷமாகாத பையன். என் தம்பியை அண்ணன் என்று கூப்பிடுகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, நாளைக்குப் பூசை முடிந்ததும் வியாகுலம் மாமாவைக் களத்துக்குக் கூட்டி வாருங்கள், அவர் இல்லாமல் நடக்காது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை களத்தின் நடுவில் கதிரை போட்டு, வியாகுலம் மாமாவை உட்காரவைத்து, நீங்கள்தான் சூரியன் என்றார் மாஸ்டர். மாமா மறுக்கவில்லை. தம்பி பூமி. எதிர் மலைச் சபுக்கு மரம் கேட்டை. முதலில் பூமியை நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெல்லச் சுற்றச் சொன்னார். சுற்றச் சுற்ற மலை, மடுவம், சபுக்கு மரம் எல்லாம் தன்னைத் தாண்டி வலப்பக்கமாகப் போவதுபோலத் தெரிகிறது என்றான் தம்பி. நட்சத்திரம் போவதும் அப்படித்தான், அது எங்கேயும் போகவில்லை, நாம்தான் கிழக்கே பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார் மாஸ்டர்.

"ஒலகம் சுத்துனா நமக்குத் தல சுத்தணுமே மாஸ்டர்?"

"சுத்தலையா அண்ணே?"

"இப்ப சுத்துது."

அது வேறு என்று மாஸ்டர் சொல்லிவிட்டு, இனிச் சுற்றிக்கொண்டே சூரியனையும் வளைய வர வேண்டும் என்றார். அங்கேதான் விஷயம் இருந்தது. மாமாவும் சபுக்கு மரமும் ஒரே நேராகத் தெரிகிற இடத்தில் தம்பியை நிறுத்தி, தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, மரத்துக்கு நேராக முகம் வந்ததும் நிற்கச் சொன்னார். நட்சத்திரக் கணக்கில் ஒரு நாள் முடிந்தது. ஆனால் அதற்குள் அவன் இரண்டு எட்டு நகர்ந்துவிட்டதால் வியாகுலம் மாமா முகத்துக்கு நேராக வரவில்லை. அவரைப் பார்க்க இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்சம்தான் கடிகாரத்தில் நாலு நிமிஷம் என்றார் மாஸ்டர். நாம் விடியலைச் சூரியனை வைத்துத்தான் கணக்கெடுக்கிறோம். ஆகவே கேட்டை ஒவ்வொரு நாளும் நாலு நிமிஷம் முந்தியே மரத்துக்கு வந்துவிடும். ஒரு மாதத்தில் இரண்டு மணித்தியாலம். இப்படியே ஒரு வருஷம் விட்டால் முழு நாளும் சுற்றி மறுபடி நாலரைக்கே வந்து நிற்கும்.

தம்பி அதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று சுற்றிச் சுற்றிப் போய்க் கடைசியில் தலைகிறுகிறுத்து வியாகுலம் மாமா மடியிலேயே விழுந்தான். மாமா அசையவில்லை. அவ்வளவு நேரமும் மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட அவர் விரட்டவில்லை. சூரியன் நகரக் கூடாது என்று மாஸ்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்.

"அப்ப நட்சத்திரமும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல" என்றான் தம்பி மடியில் கிடந்தபடியே.

"மொதல்ல எந்திரிங்க தம்பி" என்றார் சூரியன். முன்தினம் அவனை 'நேரம் தெரியாதவன்' என்றவர் இப்போது 'தம்பி' என்றார். நான் அதைக் கவனித்துக்கொண்டேன். ஆனால் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, வேலை நிரந்தரமானால்தான் பேச்சு, அதில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை தம்பியோடு நானும் ஆபீசுக்குப் போனேன். கண்டாக்கு ஐயா சத்தம் போடவே இல்லை. மேசையில் இருந்த பேர்ப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். அவர் யோசித்தது இதுதான் என்று பிறகு எனக்கு விளங்கியது. மணிக்காரனை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று பெரிய தொரை கேட்பார். இரண்டரைக்கு மணி அடித்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால், டிவிசன் விடிய முன்பே வரிசையில் நின்றதற்குக் காரணம் கண்டாக்குவின் திறமையா, கேட்டையா என்று தொரைக்கு விளங்கிவிடும்.

"டேய் அமிர்தா. இந்த மாசம் மணியில எதாச்சும் குறை வந்துச்சா?"

தம்பி நேர்மையானவன். வந்ததுங்க ஐயா என்று வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"வரல" என்று ஐயாவே சொல்லிக்கொண்டார். "ஒரு குறையும் வரல. ஈஸ்டர் வரைக்கும் எதுக்குப் பொறுக்கணும்? இன்னையிலேருந்து நிரந்தரம். ஆபீஸ் கடிகாரத்த எடுத்துட்டுப் போ. மேல பாக்காத. மேல என்ன இருக்குன்னு யாருகிட்டயும் பேசாத."

அன்று மாலையே நாங்கள் கீழ் டிவிசனுக்கு இறங்கினோம். வியாகுலம் மாமா வார்த்தை மாறாதவர். நிரந்தரம் என்றதும் சரி என்றார். சரி என்றாலும் மகளைக் கேட்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்று உள்ளே குரல் கொடுத்தார். டோரீன் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். தன் அப்பாவைச் சாமத்தில் எழுப்பி, முகம் கழுவவைத்து, பனியில் நிறுத்தி, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் இருக்கவைத்த மனுஷனைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு நாளாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாளாம்; அவளுடைய அம்மா பிறகு என்னிடம் சொன்னது.

"எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள் டோரீன். "ஆனா வெடியிறதுக்கு முன்னாடி என்னைய எழுப்பக் கூடாது. அத இப்பவே சொல்லச் சொல்லுங்க."

தம்பி எழுந்து நின்று, எழுப்ப மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தான். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் கல்யாணம் வைத்தோம். பூசை ஒன்பது மணிக்கு. மாப்பிள்ளை ஆறு மணிக்கே போய்க் கோயில் படியில் உட்கார்ந்திருந்தான்.